லிஸாராவுக்கு இரண்டாவது சாட்சி

யாழ்ப்பாணம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தயாளினிக்கு,

பேர்கனில் நீ சுகமாயிருக்க வேண்டும், அங்கே ஓயாமல் பெய்யும் மழையில் உன் பழைய நெஞ்சுச்சளி திரும்பாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உம்மா, வாப்பா, ராத்தா எல்லோரும் நலம். நானும் நலம் என்று எழுதிவிட்டு, அது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மின்னஞ்சலில்தான் அனுப்புவேன், ஆனாலும் கடிதமாகவே எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால் நீ வாசித்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடுகள் சொல்லிவிடும். அதற்குப் பிறகு நீ பேசாமலிருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் நான் ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பேன். கொஞ்சக் காலமாக நமக்கிடையில் போய்வருவது பெருநாளுக்கு ஒரு படம், பொங்கலுக்கு ஒரு படம், அவ்வளவுதான். அதில் எனக்குக் குறை இல்லை. இருந்தாலும் இன்றைக்கு எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

முதலில் நல்ல செய்தி. நீ அக்கா என்று கூப்பிடும் அமானி ராத்தாவுக்குப் பெண் பிள்ளை கிடைத்திருக்கிறது. எத்தனை வருடம், எத்தனை டொக்டர்மார், உம்மாவின் எத்தனை நோன்பு என்று உனக்குத் தெரியும். இனிப் பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கக்கூடாது என்று ராத்தா சொன்ன பிறகு வந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் தாதி துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது உம்மா அழுதா, வாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். என் வாயிலிருந்து ஒரு சொல் தானாக விழுந்தது. லிஸாரா.

நம்முடைய சொல். வராது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வருவதற்கு நாம் வைத்த சொல். நல்லூர் ரியூஷன் முடிந்து, கோப்பாய்க்குக் கடைசி பஸ் போயிருக்கும் என்று நீ முகத்தைத் தொங்கப்போட்டு நிற்க, அது சந்தியில் திரும்பி வரும்போது நாம் இரண்டு பேரும் சேர்ந்து கத்தியது. உன் சோதனை முடிவு வந்த அன்றும் அதுதான். ராத்தா கட்டிலில் கிடந்தபடியே, "என்ன சொன்னாய்? திரும்பச் சொல்லு" என்றா. சொன்னேன். பொருளைக் கேட்டா. அதையும் சொன்னேன். "அதுதான் இவட பேர்" என்றா. அன்றிலிருந்து பிள்ளை லிஸாராதான்.

ஏழாம் நாள் பிள்ளைக்குத் தலைமுடி இறக்கியாயிற்று. ஆடு அறுத்துப் பங்கு கொடுக்கும் அகீகாவும், காதில் பெயர் சொல்வதும் மட்டும் முனாஸ் மச்சான் கட்டாரிலிருந்து வரும்வரை நிற்கின்றன. தகப்பன் வாயால்தான் பெயர் சொல்ல வேண்டும் என்று ராத்தாவுக்குப் பிடிவாதம். வருகிற வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு என்று முடிவாகியிருக்கிறது.

இதற்குள் மச்சானின் உம்மா, நஜ்முன்னிஸா மாமி, கைத்தொலைபேசியில் முஸ்லிம் பெயர்கள் போட்ட செயலி ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு லிஸாராவைத் தேடுகிறா. "லானா வரிசையிலயும் இல்ல, ரானா வரிசையிலயும் இல்ல. பொருள் இல்லாத பேரப் புள்ளைக்கு வெக்க ஏலுமா? மறுமையில புள்ள நம்மளத்தானே கேக்கும்?" என்று பார்க்கிற நேரமெல்லாம் கேட்கிறா. அவ சொல்வதில் பிழையில்லை தயா. நல்ல பொருளுள்ள பெயர் கிடைப்பது பிள்ளையின் உரிமை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் பொருளைச் சொன்னேன். எந்தப் பாஷை என்று கேட்டா. சிநேகிதி ஒருத்தி சொன்ன சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். நம் பாஷையைப் பற்றி நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. நாம் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லையே. இரண்டு பேர் கதைப்பதற்குப் பெயர் எதற்கு என்று நீதான் கேட்டாய்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. போன வியாழக்கிழமை பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு மஸ்கட் இனிப்புக் கட்டிக்கொண்டு கோப்பாய்க்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். அதே சைக்கிள்தான். இருபாலை தாண்டி உங்கள் ஒழுங்கைக்குள் இறங்கி வாசல் படலையடியில் பிறேக் பிடித்தேன். கிணற்றடியிலிருந்து உன் அம்மாவின் குரல் கேட்டது: "இஞ்சாருங்கோ, கிறீச்சி வருது! அடுப்பிலை தண்ணியை வையுங்கோ!"

நான் படலையைப் பிடித்தபடி நின்றேன். கிறீச்சி நம்முடைய சொல். 'வா' என்பதற்கு நாம் வைத்த சொல். அது அன்ரியின் வாயில் எப்படி?

கேட்டேன். அன்ரி சிரிசிரியென்று சிரித்தா. "உன்ரை பிறேக் போடுற சத்தம்தான் பிள்ளை. தயா வைச்ச பேர். நீ சந்தியிலை திரும்பேக்கையே கிறீச்சி கிறீச்சி எண்டு கொண்டு ஓடுவாள். எங்களுக்கும் உன்ரை பேர் வாயிலை வாறேல்லை, கிறீச்சிதான்." அங்கிளும் வெளியே வந்து, "உவளுக்கு இவ்வளவு நாளும் தெரியாதே?" என்று கேட்டு அவரும் சிரித்தார். தேத்தண்ணி குடிக்கும்போது, "உங்கடை யவாசி வாத்தியார் இப்பவும் படிப்பிக்கிறாரோ?" என்றார்.

யவாசி என்றால் நம் பாஷையில் தாமதம். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டேன். நமசிவாயம் மாஸ்டர் ஒருநாளும் வகுப்புக்கு நேரத்துக்கு வந்ததில்லை. அவருடைய பெயரின் நடுத்துண்டைப் பின்னாலிருந்து வாசித்தால் யவாசி. அங்கிளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்ரிக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சொல்லை எத்தனையோ தரம் சொன்ன எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது சைக்கிள் ஓடினேனே தவிர வீதியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் புரட்டிக்கொண்டு வந்தேன். மழைக்கு நாம் சொன்ன டைகு, புரட்டினால் குடை. இல்லை என்பதற்கு மோ. ஓம் என்பதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய். அந்த இடத்தில் நானே சிரித்துவிட்டேன், அவ்வளவு லேசானதை இத்தனை நாள் காணவில்லையே என்று. கல்வியங்காட்டுச் சந்தையடியில் மளதபு நினைவுக்கு வந்தது.

வீடு. நம் பாஷையில் வீட்டுக்கு மளதபு. புரட்டினேன். புத்தளம்.

சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தேன். மீன்கூடையோடு வந்த ஒரு பெண், "காத்துப் போட்டுதோ தங்கச்சி?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

நான் வகுப்புக்கு வந்த முதல் நாளை நீ மறந்திருக்கமாட்டாய். யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் போன எங்கள் சனம் திரும்பி வரத் தொடங்கிய காலம். ரீச்சர் கொப்பி இருக்கிறதா என்று கேட்டா. "ஈக்குது" என்றேன். புத்தளத்தில் நாங்கள் வளர்ந்த இடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. இடைவேளையில் நீதான் வந்து பக்கத்தில் இருந்தாய். "நாங்கள் ரெண்டு பேரும் ஒரு பாஷை செய்வம். அதிலை ஆரும் ஆரையும் பாத்துச் சிரிக்கேலாது" என்றாய். சொற்கள் உனக்கு, இலக்கணம் எனக்கு. ஒருவர் சொல்லைக் கொண்டுவந்தால் மற்றவர் ஏன், எங்கிருந்து என்று கேட்கக்கூடாது. சொன்னவர் அதை மூன்று வசனத்தில் வைத்துக் கதைக்க வேண்டும், நாக்கு இடறாவிட்டால் சொல் நின்றுவிடும். நானும் கேட்கவே இல்லை. வானத்திலிருந்து விழுந்தவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என்ன நினைப்பதென்று தெரியவில்லை. யாரும் சிரிக்கமுடியாத இடம் என்று நான் போய் ஒதுங்கிய இடத்தில் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு சிரிப்பு இருந்திருக்கிறது. மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தது இருக்கட்டும். மளதபுவில் யாரைப் பார்த்துச் சிரித்தாய்? உன் வீடு இங்கே இல்லை, அங்கேதான் என்று சொன்னாயா? அல்லது, எங்கள் வீட்டில் எல்லோரும் யாழ்ப்பாணத்தை வீடு வீடு என்று சொல்ல, நான் மட்டும் இரவில் புத்தளத்தை நினைத்து அழுதேனே, அதை உனக்கு மட்டும்தானே சொன்னேன், அதற்காக வைத்தாயா? ஒரு நேரம் இப்படித் தோன்றுகிறது, மறு நேரம் அப்படி. இரண்டும் ஒரே அளவுக்கு உண்மைபோல இருக்கின்றன.

இதை நம் பாஷையிலேயே எழுதியிருப்பேன். முடியவில்லை. இறந்தகாலம் வேண்டாம் என்று நான்தான் இலக்கணம் செய்தேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் இருந்தது, இருந்தோம், விட்டுவிட்டு வந்தோம் என்றே கதைத்தார்கள். எனக்கு அது அலுத்திருந்தது. அதனால் அன்று நீ என்ன நினைத்தாய் என்று அந்தப் பாஷையில் கேட்க வழியே இல்லை.

இனி என் கேள்வி. லிஸாராவுக்குள் என்ன இருக்கிறது? புரட்டிப் பார்த்தேன், ராஸாலி என்று வருகிறது. ராசாளி என்று ஒரு பறவை உண்டு. நீ அதைக் கண்டிருப்பாயா? நடுவை எடுத்துப் பார்த்தேன், முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே ஒருவரைப் பழித்த சொல் இருந்தால், அதை ஒரு பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்க நான் காரணமாகிவிடுவேன். அப்படியானால் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமைக்கு முன் நான் ராத்தாவிடம் கதைத்து, மாமி விரும்பும் ஸைனபையே வைக்கச் சொல்கிறேன். உன்னைக் கோபிக்கமாட்டேன்.

இன்னொன்று. வெளிக்கிடும்போது அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நீயும் எங்கை பிள்ளை வரப்போறாய்? நாங்களும் ஆவணியோடை மகன் சுபாஸ்கரனிட்டைப் போயிடுவம். வீட்டுக்கும் காணிக்கும் விலை பேசியாச்சு. தயா சொல்லியிருப்பாள்தானே" என்றா. நான் ஓம் என்றேன்.

மழையில் நனையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அன்பின்
பஹ்மிதா

◆

யாழ்ப்பாணம்,
சனிக்கிழமை பின்னேரம்.

என் தயாவுக்கு,

இறைவன் உன்னைத் தனிமையில் விடாமல் காக்கட்டும். நேற்றுத் திரையில் உன் முகத்தைப் பார்த்த பிறகு நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. தலைமுடியை இவ்வளவு கட்டையாக வெட்டியிருக்கிறாய். வேலையிடத்து வெள்ளை அங்கி உனக்கு இரண்டு அளவு பெரிது.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நீ கடிதத்தை வாசித்தாயா, வாசித்துவிட்டுப் பேசாமலிருந்தாயா, அது வேறெங்கேயாவது விழுந்து கிடக்கிறதா, எனக்குத் தெரியாது. நேற்று அத்தனை பேர் நடுவில் அதைக் கேட்கவும் முடியவில்லை. அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

புதன்கிழமை ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பெயரைக் கொஞ்சம் யோசிப்போம், உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது என்றேன். ராத்தா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தா. "உன்ட சிநேகிதி உள்ளுக்கு என்னத்தை ஒளிச்சு வெச்சா எனக்கென்ன? நீ ஆஸ்பத்திரியில அதைச் சொல்லேக்க உன்ட முகத்தை நான் பாத்தனே. அதுக்காகத்தான் வெச்சன்" என்றா. பிறகு, "கூப்பிட்டா இவள் திரும்பிப் பாக்கிறாள், தெரியுமா?" என்றா. பிறந்து கொஞ்ச நாளான பிள்ளை பாலைத் தவிர எதற்கும் திரும்பாது. ஆனாலும் ராத்தா கூப்பிட்டுக் காட்டினா. தற்செயலோ என்னவோ, திரும்பியது.

வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்தார். முன் விறாந்தையில் ஆண்கள், உள்ளே நாங்கள், நடுவில் கதவுச் சீலை. மச்சான் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றார். ஆமையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறாய் என்று மாமி உள்ளேயிருந்து பேசிக்கொண்டிருந்தா. ஹஸ்ரத் பெயரைக் கேட்டார். மச்சான் சொன்னார். மாமி விடவில்லை. "ஹஸ்ரத், அதுக்குப் பொருள் என்னெண்டு கேளுங்க. நான் தேடாத இடமில்ல" என்று சீலைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாப்பா, "மகள், நீயே சொல்லு" என்றார்.

தயா, நான் எவ்வளவு கூச்சக்காரி என்று உனக்குத் தெரியும். சீலையடிக்குப் போய் நின்று, வராது என்று நினைத்திருக்க வருவது என்று சொன்னேன். நல்ல பொருள், அல்ஹம்துலில்லாஹ் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். "எந்தப் பாஷை?" என்று கேட்டார்.

"நாங்கள் படிக்கிற நாளில செய்த பாஷை."

"எத்தனை பேர் கதைக்கிறீங்க?"

"ரெண்டு பேர்."

விறாந்தையில் யாரோ சிரித்தார்கள். ஈக்குது என்று சொன்ன அன்று கேட்ட அதே சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. ஆனால் ஹஸ்ரத் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டார். "ஒரு காரியத்துக்கு ஒராள் சொன்னா அது சொல்றவரோட நிண்டுபோகும். ரெண்டாமாளும் சொன்னாத்தான் சாட்சி. மற்றாள் எங்க?" என்று கேட்டார்.

நோர்வேயில் என்றேன். "அங்க என்ன, போன் இல்லையா?" என்றார்.

இப்படித்தான் உனக்கு அந்த அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை, என் கை எடுத்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. நீ எடுக்கமாட்டாய் என்று நினைத்தேன். எடுக்கக்கூடாது என்றும் நினைத்தேன். எடுத்தால், நீ மறந்திருந்தால்? எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டு, அது ஒரு பகிடிக்கு வைத்த சொல் என்று சொல்லிவிட்டால்? மாமி செயலியை மூடிவிட்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றா.

நீ எடுத்தாய். உனக்குப் பின்னால் கண்ணாடிப் போத்தல்கள், ஒரு வெள்ளைச் சுவர். என் முகத்தைக் கண்டாய், பிறகு மாமியின் முகத்தை, பிறகு நான் தொலைபேசியைச் சீலைக்கு அப்பால் நீட்ட, தொப்பியும் தாடியுமாக ஹஸ்ரத்தின் முகத்தை. என்ன நினைத்தாயோ! அவர் சலாம் சொல்லி, "மகள், லிஸாரா எண்டா என்ன பொருள்?" என்று நேரே கேட்டுவிட்டார்.

படம் அப்படியே உறைந்து நின்றது. வாய் பாதி திறந்தபடி நீ. இணைப்பு நின்றதா, நீ நின்றாயா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

பிறகு உன் குரல் வந்தது. "வராது எண்டு நினைச்சுக்கொண்டிருக்க வாறது." நான் சொன்னதை நீ கேட்டிருக்கவில்லை. இருந்தும் அதையே சொன்னாய். ஹஸ்ரத் விறாந்தையைப் பார்த்துத் தலையசைத்தார். மாமியின் மூச்சு என் கழுத்தில் பட்டது, அவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறா.

அதோடு முடிந்தது என்று நான் தொலைபேசியை இழுத்தேன். நீ முடிக்கவில்லை. மூன்று வசனம் சொன்னாய். யாரும் சொல்லச் சொல்லவில்லை, நாம் வைத்த விதிதான். முதலாவது, லிஸாரா கிறீச்சி. லிஸாரா வருகிறாள். பேரைக் கேட்டதும் மாமிக்கே முகம் மலர்ந்தது. இரண்டாவது, யவாசி லிஸாரா கிறீச்சி. தாமதமாக, ஆனாலும் வருகிறாள். ராத்தாவுக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனாலும் அழுதா.

மூன்றாவதைச் சொல்லும்போது நீ ஹஸ்ரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். மளதபு மோ, லிஸாரா மோ.

வீடு இல்லை. இனி வராதென்றிருந்து வருவதும் இல்லை.

"கடைசியா என்ன சொல்றா?" என்று மாமி கேட்டா. "பிள்ளைக்கு துஆ செய்றா மாமி" என்றேன். "ஆமீன்" என்றா மாமி. சீலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லோரும் ஆமீன் என்றார்கள். உனக்கு அது கேட்டதா? உன்னிடம் விசாரிக்க முன்னமே திரை கறுத்துவிட்டது.

மச்சான் குனிந்து பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னார். லிஸாரா, லிஸாரா, லிஸாரா. பிள்ளை கொட்டாவி விட்டது. நம் பாஷையின் சொல் ஒன்று நம் இருவரையும் விட்டு மூன்றாவது ஆளுக்குச் சொந்தமானது அதுதான் முதல் தரம். அன்ரியும் அங்கிளும் சொன்னதைக் கணக்கில் எடுக்காவிட்டால்.

எடுக்கத்தான் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். இன்று காலை ஆட்டிறைச்சிப் பங்கு எல்லா வீட்டுக்கும் போயிற்று. உங்கள் வீட்டுக்கு அது ஆகாது என்று கற்கண்டும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு போனேன். படலையடியில் பிறேக் பிடித்தேன். அன்ரி ஒன்றும் கத்தவில்லை. போன தரம் என் முகம் மாறியதைக் கண்டிருக்கிறா. ஆனால் நான் உள்ளே போக முன்னமே அடுப்பில் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் நான் போன ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருந்திருக்கிறது. நான் வருவதற்கு முன்னமே ஒரு வீட்டில் எனக்குத் தண்ணி வைத்திருக்கிறார்கள். எப்படி என்று நான் கேட்டதே இல்லை.

விறாந்தையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அங்கிள் கிணற்றுக் கட்டில் இருந்து வெங்காயத் தோட்டத்துத் தறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கிறவன் நல்ல பொடியன். கிணத்தைத் தூர்க்கமாட்டன் எண்டு சொல்லியிருக்கிறான்" என்றார். பிறகு, "தயா என்ன சொல்லுறாள்?" என்று என்னிடம் கேட்டார். உன்னைப் பற்றி அவர் என்னிடம் கேட்கிறார். "சுகமா இருக்கிறாள் அங்கிள்" என்றேன். விற்கப்போவதை உன்னிடம் முடிவாகிய பிறகுதான் சொன்னார்களா, முதலே கேட்டார்களா, அதை நான் கேட்கவில்லை. நீயும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல உனக்கு எந்தப் பாஷை வசதிப்படவில்லை என்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா என் சைக்கிளைத் தூக்கிக் கவிழ்த்துவைத்து, "இந்தச் சத்தம் ஊரையே கூட்டுது, பிறேக் கட்டையை மாத்துவம்" என்று நட்டுக் கழற்றும் சாவியோடு இருந்தார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். இருக்கட்டும் வாப்பா என்று சொல்லிச் சைக்கிளை நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

தெளிவு வந்துவிட்டது என்று நினைக்காதே. மளதபுவை நினைத்தால் நெஞ்சுக்குள் இன்னும் ஒரு முள் நெருடுகிறது. ஒரு சிறுமி பகிடியாக வைத்திருப்பாள், அன்பாகவும் வைத்திருப்பாள், இரண்டையும் அவளே பிரித்து அறிந்திருக்கமாட்டாள் என்று ஒரு நேரம் நினைக்கிறேன். அடுத்த நேரம், இல்லை, இவள் நன்றாகத் தெரிந்துதான் செய்தாள் என்று நினைக்கிறேன். நீ இப்போது விளக்கம் சொன்னாலும், இப்போதைய நீ சொல்வதாகத்தானே இருக்கும். ஆனால் நேற்று உனக்கு வீடு இல்லை என்று சொல்ல நேர்ந்தபோது, உலகத்தில் உள்ள அத்தனை சொற்களையும் விட்டு அந்தச் சொல்லைத்தான் எடுத்தாய். என் ஊரின் பெயரை உள்ளே வைத்த சொல்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லிஸாராவுக்குள் என்ன இருக்கிறது என்று முந்திய கடிதத்தில் கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பழிச்சொல்லாக இருந்தாலும் சொல்லாதே, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சொல்லாதே. அது இப்போது தொட்டிலில் நித்திரை கொள்கிறது. ஒரு காலை வெளியே போட்டுக்கொண்டு.

எங்கள் வீட்டின் மேல்மாடி அறை உனக்கு நினைவிருக்கும். திரும்பி வந்த காலத்தில் கட்டத் தொடங்கி, சுவரோடு நின்றுபோனது. மச்சான் இந்த லீவில் கூரை போடுகிறார். வடக்குப் பக்கம் ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கச் சொன்னேன். அங்கிருந்து பார்த்தால் கோப்பாய் தெரியாது, வீட்டுக் கூரைகளும் பனைகளும்தான் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் கோப்பாய் இருக்கிறது. ஆவணிக்குப் பிறகு நீ யாழ்ப்பாணத்தில் இறங்கினால் எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிருக்காது. உம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ இறைச்சி சாப்பிடமாட்டாய் என்று அதற்குள் ஒரு புதுச் சட்டி வாங்கி வைத்திருக்கிறா. அதில் ஒருத்தரும் இன்னும் ஒன்றும் சமைக்கவில்லை.

உன் கையில் லிஸாராவைத் தர வேண்டும். நீ அவளை ஒருதரம் கூப்பிட வேண்டும், திரும்புகிறாளா என்று நான் பார்க்க வேண்டும். நேற்று நீ சொன்ன மூன்றாவது வசனத்தில் இலக்கணப் பிழை இருக்கிறது. இலக்கணம் என்னுடையது என்பதால் திருத்துகிறேன், கோபிக்காதே.

மளதபு கிறீச்சி, தயா. யவாசி ஆனாலும், மளதபு கிறீச்சி.

இப்படிக்கு,
தண்ணி வைத்துக் காத்திருக்கும்
உன் பஹ்மிதா